விட்டேனா, ஒப்படைத்தேனா?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஒரு நாள் காலை மாடியேறி வந்து என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்.

"அம்மா, கீழ்வீட்டுக் கொரியாக்காரம்மா துணி மூட்டையோட இதையும் வச்சு அனுப்பியிருக்காங்க. எம் பையன் படிச்சுப் பார்த்துட்டு, என்னமோ டிரஸ்டுன்னு எழுதியிருக்குன்னான். நான் டிரஸ்டெல்லாம் நடத்தலீங்களேம்மா!" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. 'ஐ என்ட்ரஸ்ட் மை ஹஸ்பெண்ட்ஸ் ஷர்ட்ஸ் டு யூ' என்று எழுதியிருந்தது. அதாவது, 'என் கணவரின் சட்டைகளை உங்களை நம்பி ஒப்படைக்கிறேன்.' மொத்தம் ஆறு சட்டை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற தோரணையில் ஆறு சட்டையை ஒப்படைத்திருக்கிறாள்!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை என்னை எங்கே கொண்டு போய் நிறுத்தப் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இது நடந்தது 2023-ல். நம் சகோதரிகளுக்குச் சொன்னால், கைக்குழந்தைக்காரிகளுக்காவது உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் போகிற பக்கம் எங்கள் குடியிருப்பு. ஹூண்டாய் கார் கம்பெனி 1996-ல் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரி பாகங்கள் செய்கிற தொழிற்சாலைகளும் வந்தன. அப்போதிருந்தே இந்தப் பக்கங்களில் கொரியக் குடும்பங்களைப் பார்க்கலாம். கீழ்வீட்டுப் பெண்ணின் கணவர் அப்படி ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்றரை வயதில் ஒரு பையன், வயிற்றில் ஒன்று.

முதல் தடவை என்னைப் பார்த்ததும் "ஒன்னி" என்று கூப்பிட்டாள். என் காதில் அது 'அண்ணி' என்று விழுந்தது. நானும் உருகிப் போய்விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் பாஷையில் ஒரு பெண் தன் அக்காவை 'ஒன்னி' என்று கூப்பிடுவாளாம். அம்மாவை 'ஒம்மா' என்றும் அப்பாவை 'அப்பா' என்றும் கூப்பிடுகிறார்கள். அப்படியிருக்க, அக்கா அண்ணியானால்தான் என்ன?

மத்தியானம் மூன்று மணிக்கு என் வேலையெல்லாம் முடிந்ததும் அவள் மேலே வருவாள். இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டும் என்று ஆசை. நான் படித்தது பிளஸ் டூ, அதுவும் தமிழ் மீடியம். "என்கிட்டயா கத்துக்கப் போறே?" என்று கேட்டேன். உண்மையில் இலக்கணம் அவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவர்கள் ஊரில் நவம்பர் மாதம் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கும். இங்கிலீஷைக் காதால் கேட்டு எழுதுகிற பகுதி நடக்கும்போது, சத்தம் வரக் கூடாதென்று நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைத்துவிடுவார்களாம்! அப்படிப் படித்து வந்த பெண். வாய்தான் திறக்க வராது. நமக்கோ வாய் தாராளமாகத் திறக்கும், இலக்கணம்தான் உதைக்கும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று ஆரம்பித்தோம்.

இஸ்திரிக்காரர் சீட்டைக் காட்டினேன். "இதுல என்ன தப்பு, ஒன்னி?" என்றாள். தப்பு இல்லைதான். ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்களே! ஏன் என்று விளக்கத்தான் எனக்கு வரவில்லை. "உங்க பாஷையில எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டேன். "மத்கிதா" என்றாள்.

அன்று முழுக்க அந்த 'மத்கிதா'வையே நோண்டினோம். அவள் சொல்லச் சொல்ல, நான் சாமான் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். சலவைக்காரரிடம் துணி போட்டால் மத்கிதா. பாங்கில் பணம் போட்டால் மத்கிதா. கடை வாசலில் பையை வைத்துவிட்டுப் போனால் மத்கிதா. குழந்தையைப் பாட்டியிடம் விட்டாலும், 'ஒரினிஜிப்' என்கிற குழந்தைகள் வீட்டில் விட்டாலும் மத்கிதா. வேலையை ஒருவரிடம் கொடுத்தாலும் மத்கிதாதான். அவர்கள் ஊரில் 'ஜொன்செ' என்று ஒரு ஏற்பாடு உண்டாம். வீட்டுக்காரரிடம் பெரிய தொகையாக ஒரே தடவையில் கொடுத்துவிட்டால் மாதா மாதம் வாடகை கிடையாது. இரண்டு வருஷ ஒப்பந்தம். வீட்டைக் காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். நம் ஊர்ப் போக்கியம் மாதிரி, லீசு மாதிரி. அந்தப் பணத்தைக் கொடுப்பதும் மத்கிதா.

எனக்கு மெல்லப் புரிந்தது. பொருளோ, பணமோ, பிள்ளையோ எதுவானாலும் சரி, என் கையில் இருக்க வேண்டியதை உன் கையில் வைக்கிறேன், நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கு நேராக அவள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது 'என்ட்ரஸ்ட்' என்கிற ஒரே சொல். அதனால் சட்டைக்கும் அதுவே, பிள்ளைக்கும் அதுவே!

இங்கிலீஷில் அப்படி இல்லை. சாமானுக்குத் தகுந்த தராசு. சட்டையை இஸ்திரிக்கு 'கிவ்' பண்ணினால் போதும். பணத்தை 'டெபாசிட்' பண்ணுகிறோம், பையைக் கவுன்டரில் 'லீவ்' பண்ணுகிறோம். என்ட்ரஸ்ட் என்றால் உள்ளேயே 'டிரஸ்ட்' உட்கார்ந்திருக்கிறது. டிரஸ்ட் என்றால் நம்பிக்கை. மனசு கனக்கிற விஷயத்துக்குத்தான் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். "தங்கம் நிறுக்கிற தராசுல வெங்காயத்தை நிறுக்கக் கூடாது" என்றேன். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

மறுநாள் அவளே ஒரு சந்தேகத்தோடு வந்தாள். என்ட்ரஸ்ட் என்ற சொல்லை இரண்டு விதமாகப் போடலாமாமே, அது எப்படி என்று. 'குழந்தையை உன்னிடம்' என்பதற்கு 'டு யூ' வரும். இன்னொரு விதத்தில் 'உன்னை' முதலில் வந்து, குழந்தைக்கு முன்னால் 'வித்' வரும். இரண்டையும் கலந்து 'டு யூ வித் மை சன்' என்று எழுதிவிடுவாளாம். இதற்கு என் மூளை எட்டவில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த என் பெண், ரேழியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே பதில் சொன்னாள்.

"அம்மா, தமிழ்லயே இருக்கேம்மா. 'வேலையை என்கிட்ட ஒப்படைச்சார்'னும் சொல்றோம், 'என்னை நம்பி வேலையைக் கொடுத்தார்'னும் சொல்றோம். முதல்ல சொன்னது 'டு'. என்னை நம்பின்னா 'வித்'. அவ்வளவுதான்."

இதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கொரிய மொழியிலும் 'மித்கோ மத்கிதா' என்று ஒரு பேச்சு உண்டாம். நம்பி ஒப்படைப்பது என்று அப்படியே அர்த்தம்! அதோடு இன்னொன்றும் சொன்னாள். பாட்டியிடம் என்றால் 'ஹல்மொனி எகே'. பாங்கில் என்றால் 'உன்ஹெங் எ'. உயிருள்ளவர்களுக்கு ஒரு ஒட்டு, உயிரில்லாத இடத்துக்கு வேறு ஒட்டு. நாமும் 'பாட்டியிடம்' என்கிறோம், 'பாங்கில்' என்கிறோம். 'பாட்டியில் விட்டேன்' என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். எந்த மூலையிலோ இருக்கிற தேசம், நம்மைப் போலவே பேச்சில் மனுஷருக்குத் தனி மரியாதை வைத்திருக்கிறது பாருங்கள்!

அடுத்த வாரம் அவர்கள் நாலு நாள் மூணாறு போனார்கள். ரைஸ் குக்கரைக் கொடுத்து வைத்து, கூடவே ஒரு சீட்டும் வைத்தாள். தங்கத் தராசு வேண்டாமே என்று இந்தத் தடவை 'லீவ்' போட்டிருந்தாள். 'ஐ லீவ் மை ரைஸ் குக்கர் டு யூ.' என் பெண் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அவங்க உயில் எழுதிட்டாங்க! உனக்கு ரைஸ் குக்கர் சொத்து!"

'லீவ்' போட்டால் பொருளுக்கும் குழந்தைக்கும் 'வித்' வர வேண்டுமாம். 'டு' போட்டுப் பொருளைச் சொன்னால் செத்த பிறகு எழுதி வைக்கிற மாதிரி ஆகிவிடுமாம். வேலைக்கும் முடிவுக்கும் மட்டும் 'டு' போடலாம். 'லீவ் இட் டு மீ' என்றால் நாம் சொல்கிற 'எங்கிட்ட விடு, நான் பார்த்துக்கறேன்' என்பதுதான். இந்தச் சின்னஞ்சிறு 'டு'வும் 'வித்'தும் எவ்வளவு குடும்பத்தைக் கெடுக்கும் என்று சிரித்தோம்.

ஊரிலிருந்து வந்ததும் சீட்டைத் திருத்திக் காட்டினேன். "குழந்தையைப் பக்கத்து வீட்டுல விடணும்னாலும் இப்படித்தான் சொல்லணும். ஐ லீவ் மை சன் வித் யூ" என்றேன். சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"குழந்தைக்கு லீவ் வேண்டாம், ஒன்னி" என்றாள்.

'லீவ்' என்றால் விட்டுவிட்டுப் போவது என்றுதான் அவள் மனதில் பதிந்திருந்தது. 'பொரிதா' என்று ஒரு கொரியச் சொல். தூக்கி எறிவதற்கும் கைவிடுவதற்கும் அதுதான். அதுவே வேறொரு வினையின் வாலாகவும் வருமாம். நாம் 'போய்விட்டாள்' என்கிறோமே, அந்த 'விட்டாள்' மாதிரி. 'கா பொர்யொத்தா' என்றால் போயே போய்விட்டாள். குழந்தையை மத்கிதா செய்வது வேறு, பொரிதா செய்வது வேறு. உங்கள் இங்கிலீஷில் இரண்டுக்கும் 'லீவ்' என்கிறீர்களே, குழந்தைக்கு எப்படித் தெரியும் எது என்று? இப்படிக் கேட்டாள் அவள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பெண், புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "தமிழ்லயும் அப்படித்தான். குழந்தையைப் பாட்டிகிட்ட விட்டேன்னும் சொல்லலாம், குழந்தையை விட்டுட்டுப் போயிட்டேன்னும் சொல்லலாம். எங்கம்மாவைக் கேளுங்க, நல்லாத் தெரியும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

சகோதரிகளே, இதை இதுவரை யாரிடமும் நான் விவரமாகச் சொன்னதில்லை. 2006 ஜனவரியில் எனக்கு இரண்டாவது பிரசவம். எட்டாம் மாதமே பிறந்துவிட்டான் பையன். ஒன்று அறுநூறு எடை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தாலே எடை குறைந்த குழந்தை என்பார்கள். இவன் என் உள்ளங்கையில் அடங்கினான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். இவர் காலையில் போனால் ராத்திரிதான் வருவார். பெண்ணுக்கு அப்போது இரண்டரை வயது. விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊரில் அம்மாவிடம் கொண்டு போய் விட்டோம்.

"அவ தூங்கும்போது கிளம்பிடு. முழிச்சிருந்தா அழுவா, உனக்கும் தாங்காது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே செய்தேன். திண்ணையில் பாயில் படுத்திருந்தாள். என் முந்தானை நுனி அவள் கையில் இருந்தது. விரல் விரலாகப் பிரித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி வாசலைத் தாண்டினேன்.

ஒரு மாதம் என்று நினைத்தது பத்து மாதம் ஆகிவிட்டது. நடுவில் இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "ஃபோன்ல உன் குரல் கேட்டா ரெண்டு நாள் சாப்பிட மாட்டேங்கறா, பேசாதே" என்றாள் அம்மா. நானும் பேசவில்லை. நவம்பரில் கூட்டி வரப் போனபோது, என் பெண் என் அம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டு, 'அம்மா, யார் இவங்க?' என்று கேட்டாள். அவள் பாட்டியைத்தான் அம்மா என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வெகு நாள் ராத்திரி எழுந்து, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று தடவிப் பார்ப்பாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் தூங்கவே மாட்டாள். ஏன் தூங்கவில்லை என்பது எனக்கு இவ்வளவு வருஷம் கழித்துத்தான் உறைக்கிறது. தூங்கினால்தானே அம்மா காணாமல் போவாள்!

என் அம்மா அவளை அருமையாகத்தான் வளர்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. நான் அம்மாவிடம் ஒப்படைத்தேன். அம்மா ஏற்றுக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் அது ஒப்படைப்புதான். ஆனால் நடுவில் இருந்த மூன்றாவது ஆளிடம் யாருமே சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இது நடந்து மூன்று வாரம் இருக்கும். நடு ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கீழ்வீட்டுப் பெண். தோளில் பையன் அசந்து தூங்குகிறான். இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருக்கிறது. நாள் இருக்கிறதே என்று அவள் கணவர் கம்பெனி வேலையாகக் கொரியா போயிருந்தார். வலியோ முந்திக்கொண்டது. அந்த வேளையில் படித்த இங்கிலீஷெல்லாம் பறந்துவிட்டது அவளுக்கு. "ஒன்னி... மத்கிதா... மத்கிதா..." என்று அதையே சொன்னாள்.

இவர் காரை எடுக்க ஓடினார். எதிர்வீட்டு மாமி நாலு பிரசவம் பார்த்தவர், "நான் கூடப் போறேன், நீ பிள்ளையைப் பாரு" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார். அவள் பையனை என் படுக்கையில் மெதுவாகக் கிடத்திவிட்டு, சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்தாள். அந்த நகர்தல் எனக்குத் தெரியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நகர்ந்த அதே நகர்தல்.

"நில்லும்மா. எழுப்பு அவனை" என்றேன்.

"அழுவான், ஒன்னி."

"அழட்டும். எழுப்பிச் சொல்லிட்டுப் போ."

அவள் கட்டில் ஓரத்தில் மண்டி போட்டு, பையனை எழுப்பி, மெதுவாக என்னவோ சொன்னாள். என்னைக் காட்டினாள். மூன்று விரலைக் காட்டினாள். கடைசியாக, "ஒம்மா தன்யொ ஒல்கே" என்றாள். பையன் ஓவென்று அழுதான். அவளும் அழுதுகொண்டே படியிறங்கினாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'அம்மா போய்விட்டு வருகிறேன்.' அவர்கள் ஊரில் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையும் ஆபீசுக்குப் போகிற அப்பாவும் வாசலில் இதைத்தான் சொல்வார்களாம். நம் வீடுகளிலும் 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்பார்கள். சகுனத்துக்காகச் சொல்கிறார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது ஒரு வாக்கு. அந்த 'வரேன்'தான் விட்டுவிட்டுப் போவதை ஒப்படைப்பாக மாற்றுகிறது. 2006-ல் நான் என் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டது அந்த ஒரே ஒரு வார்த்தை.

பையன் அரை மணி நேரம் அழுதான். அவன் அம்மா போட்டுக்கொள்கிற பழைய பருத்திச் சட்டை ஒன்றை என் பெண் கீழே போய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அதை முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப் போனான். காலையில் அவளே ஒரு கிண்ணத்தில் மூன்று பிஸ்கட்டை வைத்து, "தினம் காலையில ஒண்ணு. கடைசி பிஸ்கட் அன்னைக்கு ஒம்மா வருவாங்க" என்று ஜாடையில் சொன்னாள். அவன் கிண்ணத்தைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் தங்கச்சிப் பாப்பாவைக் காட்டினோம். திரும்பும்போது கொஞ்சம் அழுதான், அவ்வளவுதான். ராத்திரி என் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினான்.

அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே என் பெண் கேட்டாள், "என்னையும் அன்னைக்கு எழுப்பிச் சொல்லியிருக்கலாமேம்மா?"

காரணம் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான், பாட்டிதான் அப்படிச் சொன்னாள், எனக்கு வயசு இருபத்தைந்துதான் என்று. ஒன்றையும் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும். தப்புதான்டி கண்ணு" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதினேழு வருஷத்துக் கல் ஒன்று இறங்கின மாதிரி இருந்தது.

இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. வேலைக்காகவோ, பிரசவத்துக்காகவோ, ஆஸ்பத்திரிக்காகவோ குழந்தையை ஒருவரிடம் விட வேண்டிய அவசியம் யாருக்கும் வரும். அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் தூங்கும்போது நழுவாதீர்கள். எட்டு மாதம் வாக்கில் ஆரம்பித்து மூன்று வயது வரைகூட, அம்மா நகர்ந்தால் அழுவது குழந்தைக்கு இயல்பு. அது வளர்ச்சியின் அடையாளம்தான், அடம் அல்ல. அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்காக அரை மணி நேரம் வாசலில் நின்று கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். சுருக்கமாகச் சொல்லுங்கள், சிரித்த முகமாகச் சொல்லுங்கள்.

எப்போது வருவீர்கள் என்பதைக் குழந்தையின் கடிகாரத்தில் சொல்லுங்கள். 'ஆறு மணிக்கு' என்றால் அதற்கு என்ன தெரியும்? 'நீ மம்மு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும்' என்றால் புரியும். சொன்னபடி வந்து சேருங்கள். முடியாமல் போனால் ஃபோனிலாவது பேசுங்கள். குரலைக் கேட்டு அழுதால் அழட்டும், அம்மா இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும். உங்கள் பழைய புடவைத் துண்டோ, அது கட்டிக்கொண்டு படுக்கிற பொம்மையோ கூடவே கொடுத்து அனுப்புங்கள். பார்த்துக்கொள்கிறவரிடம் டாக்டர் ஃபோன் நம்பர், மருந்து எந்த வேளைக்கு எவ்வளவு, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எப்படித் தட்டினால் தூங்கும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாட்டியாக இருந்தாலும் சரி. திரும்பி வந்ததும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோபம் நமக்குச் சேர வேண்டியதுதான், வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று. மத்கிதாவுக்கு மூலமான சொல் 'மத்தா'வாம். பொறுப்பை ஏற்றுக்கொள்வது என்று அர்த்தம். ஒருவரை ஏற்றுக்கொள்ளச் செய்வதுதான் மத்கிதா. நூலகத்தில் பையை வைத்து இன்னொருவருக்காக இடம் பிடித்து வைத்தாலும் மத்தாதானாம், நாம் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி! நம்மிடம் ஒரு குழந்தை வந்தால் நாமும் அதன் அம்மாவுக்காக இடம் பிடித்துத்தான் வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் நாமே உட்கார்ந்துவிடக் கூடாது. 'அம்மா வருவா, வருவா' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், கடைசி பிஸ்கட் அன்று, சொன்னபடி அவள் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். கணவரும் அதற்குள் வந்துவிட்டார். பையன் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டான். நாலு நாள் கழித்து ஒரு சீட்டு வந்தது. 'ஒன்னி, ஐ என்ட்ரஸ்டெட் மை சன் டு யூ. தாங்க்யூ' என்று எழுதி, அடியில், 'இந்தத் தடவை தராசு சரியா?' என்று கேட்டிருந்தாள். சரி என்று எழுதி அனுப்பினேன். அந்தச் சீட்டைச் சாமான் கணக்கு நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அவர்கள் தேசத்துக்கே திரும்பிவிட்டார்கள். என் பெண் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வருவாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் ஒருவேளை அசந்து தூங்கியிருந்தால்கூட, தோளைத் தட்டி எழுப்பிவிடுவாள்.

"அம்மா, எழுந்திரு. போயிட்டு வரேன்."